ஃபாஃப்சா வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி, ஜூலை 4 விடுமுறையை ஒட்டி வரும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள். வேலைக்கும் போய்க்கொண்டு, சம்பளம் இல்லாமல் இத்தனையும் செய்வது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். பல சங்கங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை உட்காரவைத்து, கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பவும் சொல்லித்தருகின்றன. அது பெரிய உதவி. அந்த வகுப்போடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்தப் படிவத்தில் எதைக் கேட்பது, கேட்டதை வைத்து யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் வாஷிங்டனில் சட்டமாக எழுதப்படுகிறது. எழுதும் நேரத்தில் நம் குரல் அங்கே கேட்பதில்லை.

நம் வீடுகளில் பலரைச் சுட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் படித்தால், முன்பெல்லாம் பெற்றோரின் பங்கை ஃபாஃப்சா இரண்டாகப் பிரித்துவிடும். பெற்றோரால் 40,000 டாலர் கொடுக்க முடியும் என்று கணக்கு வந்தால், தலைக்கு 20,000 என்று வைத்துக்கொள்ளும். 2024-25 கல்வியாண்டிலிருந்து அந்தச் சலுகை இல்லை. இப்போது மூத்தவளுக்கும் 40,000, இளையவனுக்கும் 40,000 என்றுதான் காட்டும். சம்பளம் ஏறவில்லை, சேமிப்பு கூடவில்லை, ஆனாலும் காகிதத்தில் நாம் இரண்டு மடங்கு வசதி உள்ளவர்கள் ஆகிவிட்டோம். படிவத்தில் வந்த கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப நிரப்பிப் பார்த்தவர்கள் உண்டு. உண்மையில் அது சட்டம். 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான 5,593 பக்க மசோதாவுக்குள் ஃபாஃப்சாவை எளிமையாக்கும் சட்டமும் இருந்தது, அதற்குள் இந்த மாற்றமும் இருந்தது. அது நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் எத்தனை சங்கங்கள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரிடம் இதைப் பற்றிப் பேசின?

அந்தச் சட்டத்தில் நல்லதும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேள்விகள் குறைந்தன, குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு, திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் புதிய படிவம் வழக்கமான அக்டோபர் 1க்கு வராமல் 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோர் உள்ளே நுழையவே முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். பள்ளி ஆலோசகர்களும் பெற்றோரும் கல்லூரிகளும் போட்ட சத்தம் வீண்போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள் படிவம் வந்தாக வேண்டும் என்று இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். 2024 டிசம்பரில் அது கையெழுத்தானது.

சரி, இந்தச் சட்டங்கள் எங்கே எப்படி உருவாகின்றன? அடித்தளம் 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சஸ் கல்லூரிக்கே போய் அதில் கையெழுத்திட்டார். பெல் கிராண்ட் 1972இல் வந்து சேர்ந்தது. ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயர் 1980இல் அதற்குச் சூட்டப்பட்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை இந்தச் சட்டத்தை முழுவதுமாகப் பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசியாக அப்படிப் புதுப்பித்தது 2008இல். அதற்குப் பிறகு நடந்த பெரிய மாற்றங்கள் பலவும் பட்ஜெட் மசோதாக்களின் மடிப்புக்குள் ஒளிந்துதான் வந்தன. அதனால்தான் 'உயர்கல்வி' என்று தலைப்பிட்ட மசோதா வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் காத்திருக்க முடியாது.

2025 கோடையை நினைத்துப் பாருங்கள். மே 22 அன்று பிரதிநிதிகள் சபை 215க்கு 214 என்ற கணக்கில் ஒரு பெரிய பட்ஜெட் மசோதாவை நிறைவேற்றியது. முழு பெல் கிராண்ட் வாங்க ஆண்டுக்கு 24 கிரெடிட் (பாட அலகு) எடுத்தால் போதும் என்றிருந்ததை அதில் 30 ஆக்கியிருந்தார்கள். பாதி நேரத்துக்கும் குறைவாகப் படிப்பவர்களுக்கு பெல் கிராண்டே கிடையாது. அதிகபட்சத் தொகை 7,395 டாலர். பகலில் கடையில் வேலை செய்துவிட்டு, செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்து கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பிள்ளைக்கு அதில் 1,479 டாலர் குறைந்திருக்கும். அடுத்த சில வாரங்கள் கம்யூனிட்டி காலேஜ்களும் மாணவர் அமைப்புகளும் செனட் அலுவலகங்களை விடவில்லை. ஜூன் மாதம் செனட் குழுவின் வரைவு வந்தபோது அந்த 30 கிரெடிட் நிபந்தனை அதில் இல்லை. ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்திலும் இல்லை. சத்தம் போட்டது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிய மசோதாவில் ஒரு பிரிவை எடுத்துவிட ஆறு வாரம் போதும் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

அதே சட்டத்தில் தங்கிவிட்டவை நம்மை நேராகத் தொடுபவை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மேற்படிப்பு மாணவர்களுக்கு மத்திய அரசின் கிராஜுவேட் பிளஸ் கடன் இல்லை. பெற்றோர் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடன் முன்பு படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்தது. இனி ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தமாக 65,000 டாலர்தான். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. மருத்துவக் கனவோடு இருக்கும் நம் பிள்ளைகள் கொஞ்ச நஞ்சமல்ல. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நான்கு வருட மொத்தச் செலவு 3 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மீதியைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும். அங்கே இணைக் கையெழுத்து கேட்பார்கள், வருமானத்தைப் பார்த்துத் தவணையைக் குறைக்கும் பாதுகாப்பும் கிடையாது.

சட்டம் கையெழுத்தானதும் கதை முடிந்துவிடுவதில்லை. 'தொழிற்படிப்பு' என்றால் எவை என்று முடிவு செய்ய 2025 இலையுதிர்காலத்தில் கல்வித் துறை ஒரு விதிமுறைக் குழுவைக் கூட்டியது. குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, சட்டம் எல்லாம் இருந்தன. நர்சிங் இல்லை, பிசியோதெரபி இல்லை. பட்டியலில் இல்லாத படிப்புக்கு வருடம் 20,500, மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான். ஒரே ஒரு சொல்லின் எல்லையை எங்கே போடுகிறார்கள் என்பதில் ஒரு மாணவிக்கு ஒரு லட்சம் டாலர் வித்தியாசம். இப்படிப்பட்ட விதிகளின் வரைவு வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழக்கமாக 30 நாளோ 60 நாளோ கொடுப்பார்கள். முக்கியமான கருத்துகளுக்குத் துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நம் சமூகத்தில் நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்ட்களும் எத்தனை பேர்! அவர்கள் சொந்த அனுபவத்தை ஒரு பக்கம் எழுதினால், அச்சடித்த நூறு கடிதங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பணம் ஒதுக்குவது தனி வேலை. 2026 நிதியாண்டுக்கு அதிகபட்ச பெல் கிராண்டை 5,710 டாலராகக் குறைக்கலாம் என்று வெள்ளை மாளிகை கேட்டது. இரு அவைகளின் ஒதுக்கீட்டுக் குழுக்களும் 7,395ஐ அப்படியே வைத்தன. பெல்லின் பெரும்பகுதி வருடாவருடம் இந்தக் குழுக்கள் வழியாகத்தான் வருகிறது. 1970களின் நடுவில் அரசுக் கல்லூரிச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கிய உதவித்தொகை, இன்று மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதற்கு இந்த வருடாந்தர இழுபறியும் ஒரு காரணம். குளிர்காலம் முடியும் சமயத்தில் உறுப்பினர்களின் அலுவலகங்கள் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்று தொகுதி மக்களிடம் கோரிக்கை வாங்குகின்றன. நம் சங்கங்களுக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

போன் செய்வதற்குத் தயங்குபவர்களுக்காக அது எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். எடுப்பது பெரும்பாலும் இருபது வயதுகளில் இருக்கும் உதவியாளரோ பயிற்சி மாணவரோதான். பெயரும் ஜிப் கோடும் கேட்பார். எந்த மசோதா, அதில் எந்தப் பிரிவு, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்வார். வாதாட மாட்டார், குடியுரிமை கேட்க மாட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தக் குறிப்புகள் கூட்டப்பட்டு மேலே போகும். ஜிப் கோடு தொகுதிக்குள் இல்லையென்றால் அந்த அழைப்புக்கு மதிப்புக் குறைவு. ஆகவே சிகாகோ பக்கம் ராஜா கிருஷ்ணமூர்த்தி இருக்கிறார், சியாட்டிலில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் இருக்கிறார் என்று டல்லாசில் உட்கார்ந்து அவர்களுக்கு எழுதிப் பயனில்லை. டல்லாஸ்காரர் டல்லாஸ் உறுப்பினரிடம்தான் பேச வேண்டும். போனுக்கு அடுத்த படி, அந்த அலுவலகத்தில் கல்வியைக் கவனிக்கும் உதவியாளர் யார் என்று கேட்டு, நேரம் வாங்கி, ஒரு மாணவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவது. ஆகஸ்டில் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார்கள்.

"நாங்கள் எச்-1பி, எங்கள் பேச்சு எடுபடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். எடுபடும். தொகுதிகளைப் பிரிக்கும்போது குடியேறியவர்களையும் சேர்த்து எல்லாத் தலைகளையும் எண்ணித்தான் பிரிக்கிறார்கள். அரசிடம் முறையிடும் உரிமையை முதல் திருத்தம் 'மக்களுக்கு' என்றே தருகிறது. இன்னொன்றும் உண்டு. எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள், இங்கேயே மழலையர் பள்ளி முதல் படித்திருந்தாலும், உயர்கல்விச் சட்டத்தின்படி மத்திய நிதியுதவிக்குத் தகுதி பெற மாட்டார்கள். கிரீன் கார்டு வரிசை நகர்வதற்குள் 21 வயதாகிவிட்டால் அந்த விசாவும் போய்விடும். அவர்கள் இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற வழி திறக்கும் மசோதா 2021இல் இரு கட்சியினர் ஆதரவோடு வந்தது. இன்னும் நிறைவேறவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் உங்கள் தமிழ்ப் பள்ளி வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, நீங்கள் கட்டாயம் சொல்லப்போகும் மறுப்பு: "நாங்கள் 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு, அரசியல் பேசக் கூடாது." இந்தத் தவறான எண்ணம்தான் நம் வாயை அதிகம் கட்டிப்போட்டிருக்கிறது. சட்டம் முழுசாகத் தடுப்பது வேட்பாளரை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும்தான். மசோதாவைப் பற்றிப் பேச அளவோடு அனுமதி உண்டு. எந்த அளவு என்ற குழப்பம் வேண்டாமென்றால், 1976இல் வந்த 501(எச்) ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு 5768 என்ற சிறிய படிவம் போதும். அதன்படி சங்கத்தின் ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலர் வரை 20 சதவீதத்தைச் சட்டம் குறித்த பரப்புரைக்குச் செலவிடலாம். வருடம் ஒரு லட்சம் டாலர் செலவிடும் சங்கத்துக்கு அது 20,000 டாலர். அதில் கால் பங்கை, பொதுமக்களைத் தங்கள் உறுப்பினருக்கு எழுதச் சொல்லித் தூண்டுவதற்கும் பயன்படுத்தலாம். தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் செலவிடும் நேரம் இந்தக் கணக்கில் வராது. கல்வித் துறையின் விதி வரைவுக்குக் கருத்து எழுதுவதும் இதில் வராது. கோயில்கள் போன்ற வழிபாட்டு அமைப்புகளுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் 5768 படிவத்தை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கல்வி நிதியுதவிக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆள் கிடைப்பார். உங்கள் பகுதி உறுப்பினர்கள் யார், கல்விக் குழுவிலோ ஒதுக்கீட்டுக் குழுவிலோ அவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று அவர் முதல் மாதத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். ஃபாஃப்சா வகுப்பு நடக்கும் அன்று, படிவம் நிரப்பி முடித்த பெற்றோரிடம் உறுப்பினரின் அலுவலக எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த வகுப்பில் கூடவே உட்கார்ந்து உதவ நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்கத்தில் சந்தா கட்டிவரும் ஒரு பெற்றோர்