தம்பிக்கு: "யார் பார்த்துக்கிட்டிருந்தீங்க?" என்று இனிமேல் கேட்காதே

அன்புள்ள தம்பி,

கஞ்சியில் வெந்த பாப்பாவின் கை நன்றாக ஆறி வருகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக டிரஸ்ஸிங் மாற்றும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். தோல் இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது, ஐந்து விரலும் தனித்தனியாக மடங்குகிறது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவள் நான். ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டில்தான் இன்னும் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நீ கம்பெனியிலிருந்து அப்படியே ஓடிவந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டாயே, "நாலு பேர் வீட்டுல இருந்தீங்க, யார் பார்த்துக்கிட்டிருந்தீங்க?" என்று. அதிலிருந்து உன் மனைவி கவிதா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அம்மா அடுப்படிக்குள் போகவே பயப்படுகிறாள். போனில் பேச ஆரம்பித்தால் ரெண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி போடலாமா என்று உன்னிடம் கேட்டேன், நீயும் சரி என்றாய். இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு எங்கள் வார்டு வாசலில் நிற்கிற அப்பாக்கள் நிறைய.

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நீ முதல் ஷிப்டுக்குப் போய்விட்டாய். பெரியவனின் ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கவிதா வாசலில் உட்கார்ந்து அவனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பாட்டுக்கு முந்திய மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அம்மா சோறு வடித்து முடித்து, கஞ்சிச் சட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, பானையை நிமிர்த்தி மேடையில் வைக்கத் திரும்பினாள். பாப்பா அந்த வாரம்தான் நடக்க ஆரம்பித்திருந்தாள். அதுவரை தவழ்ந்து வந்து அடுப்படி நிலைப்படியோடு நின்றுவிடுகிற பிள்ளை, அன்றைக்கு நிலையைப் பிடித்து எழுந்து, படியைத் தாண்டி, நேராகச் சட்டியிடம் போய்விட்டாள். விளிம்பைப் பிடித்தவள் தடுமாறினாள். வலது கை முழங்கைக்குக் கீழ் வரை உள்ளே போய்விட்டது.

பானையை வைத்துவிட்டுத் திரும்புகிற நேரம், அவ்வளவுதான் ஆனது. 60 டிகிரி சூட்டில் இருக்கிற தண்ணீர் பெரியவர்கள் தோலை ஆழமாக வேகவைக்கச் சில விநாடிகள் எடுக்கும். கைக்குழந்தையின் மெல்லிய தோலுக்கு ஒரு விநாடி போதும். அப்போதுதான் வடித்த கஞ்சி அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு. அது தண்ணீர் மாதிரி வழிந்தும் ஓடாது. மாவுப் பசையோடு தோலில் ஒட்டிக்கொண்டு, கையை வெளியே எடுத்த பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கும். கூழும் சாம்பாரும் அப்படித்தான். யார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரு விநாடியை எட்டிப் பிடிக்க முடியாது, தம்பி.

கஞ்சி ஏன் தரையில் இருந்தது என்று நீ கேட்டிருக்கலாம். அது நல்ல கேள்வி. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு குக்கர் சோறு வேண்டாம் என்று வீட்டில் வடிக்க ஆரம்பித்தார்கள். மேடையில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் மிக்ஸி, மூலையில் கிரைண்டர், மீதி இடத்தில் தண்ணீர் ஃபில்டர். சட்டி வைக்க ஒரு சாண் இடம் கிடையாது. தொட்டியில் ஊற்றிவிடலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கஞ்சி போக வேண்டும், அது காலங்காலமாக நடக்கிற கொடுக்கல் வாங்கல். அதனால் தரை. இந்தக் காரணம் ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான், எல்லாமும் சேர்ந்து அந்தச் சட்டியை பாப்பாவின் கை உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

இப்போது நீ பார்க்காத பகுதி. அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு ஓடினாள். சத்தம் கேட்டு வந்த கவிதா குழாயைத் திறந்து கையை அதன் கீழே பிடித்தாள். பிடித்தபடியே மற்றக் கையால் பாப்பாவின் மணிக்கட்டில் இருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றினாள், திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிற்றைக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி வெட்டினாள். நான் எத்தனையோ தரம் புலம்பியதை அவள் கேட்டு வைத்திருக்கிறாள். வெந்த கை வீங்கும். வீங்கிய பிறகு காப்பு இறுகிவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு, விரலுக்கு ரத்தம் போவதும் தடைபடும்.

எதிர்வீட்டு அக்கா டூத்பேஸ்ட்டோடு வந்திருக்கிறார். இன்னொருவர் தோசைமாவு ஊற்றச் சொன்னாராம். ரெண்டு பேருமே பதறிப்போய், நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கவிதா எதையும் தடவ விடவில்லை. குழந்தை அலறுகிறது, சுற்றி நிற்பவர்கள் "எவ்வளவு நேரம்தான் தண்ணியில வெச்சிருப்பே" என்கிறார்கள். அவள் 20 நிமிடம் கையை எடுக்கவில்லை. உடம்பு குளிர்ந்துவிடாமல் இருக்க அம்மா பாப்பாவின் நனைந்த சட்டையைக் கழற்றி, உலர்ந்த துண்டால் மற்ற இடத்தைப் போர்த்திப் பிடித்திருக்கிறாள். அப்புறம் துவைத்த மெல்லிய வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றி ஆட்டோவில் ஏறியிருக்கிறார்கள்.

அந்த 20 நிமிடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரிய வேண்டும். சூடு வெளித்தோலோடு நிற்காது, கீழே இறங்கிக்கொண்டே போகும். ஓடுகிற சாதாரணத் தண்ணீர்தான் அதை நிறுத்தும். உடனே செய்வது மிக நல்லது. வெந்து மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தைக் கெடுக்கும். பேஸ்ட், மஞ்சள், இங்க், காபித்தூள், வெண்ணெய் எல்லாமே சூட்டை உள்ளே அடைத்துவைக்கும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் நாங்கள் அதையெல்லாம் சுரண்டிக் கழுவித்தான் காயத்தையே பார்க்க முடியும், அந்த வலி குழந்தைக்குத்தான். (நம் ஊர் வழக்கத்தில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன்: வாழை இலை. புண்ணில் ஒட்டாது. சுத்திகரித்த வாழை இலையை டிரஸ்ஸிங்காகவே வைத்து நம் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்காக வீட்டில் தோட்டத்து இலையை அறுத்து வைக்கச் சொல்லவில்லை.)

டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, மேல் தோலோடும் அதற்கு அடுத்த அடுக்கோடும் நின்றிருக்கிறது என்றார். ஒட்டுத்தோல் வைக்கத் தேவைப்படவில்லை. நீ வராந்தாவில் சத்தம் போட்ட ரெண்டு பேரும்தான் அதைச் செய்தவர்கள்.

வார்டில் நான் பார்க்கிறதையும் சொல்ல வேண்டும். வெந்த குழந்தையோடு அம்மாக்கள் வருவார்கள். எப்போது நடந்தது என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற மாமியாரைப் பார்ப்பார்கள், புருஷனைப் பார்ப்பார்கள். "இப்பத்தான் சிஸ்டர்" என்பார்கள். கொப்புளத்தைப் பார்த்தாலே தெரியும், நேற்று ராத்திரி நடந்தது. திட்டு வாங்கப் பயந்து விடியும்வரை வீட்டிலேயே மருந்து போட்டுப் பார்த்திருப்பார்கள். எது கொட்டியது, எப்போது கொட்டியது, என்ன தடவினீர்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் டாக்டர் என்ன சிகிச்சை, டிரிப் ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்கிறார். குழந்தையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பில் ஒரு சதவீதம். அப்படிப் பத்து கை அளவு வெந்தாலே டிரிப் இல்லாமல் முடியாது, அந்தக் கணக்கும் வெந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். பயந்து நேரத்தை மாற்றிச் சொன்னால் கணக்கே தப்பிவிடும். "யார் பார்த்துக்கிட்டிருந்தீங்க" என்ற கேள்வி இப்படித்தான் குழந்தைக்கே திரும்பி வருகிறது. நம் கவிதா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த தடவை ஏதாவது நடந்தால், இந்த வராந்தாவை நினைத்துக்கொண்டு, அதே தைரியத்தோடு சொல்வாளா?

தீக்காயங்களால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1,80,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் காயப்படுகிற இடம் வீட்டு அடுப்படி. அத்தனை வீட்டிலும் பொறுப்பில்லாத அம்மாக்களா இருக்கிறார்கள்? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் குழாயில் வரும் சுடுதண்ணீரால் குழந்தைகள் வெந்துபோவது அதிகமாக இருந்தது. அம்மாக்களுக்குப் புத்தி சொல்வதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 1983-இல் ஒரு சட்டம் போட்டு, புது வாட்டர் ஹீட்டர்களை 49 டிகிரிக்கே அமைத்து விற்க வைத்தார்கள். காயங்கள் கணிசமாகக் குறைந்தன. குழந்தைகளும் அம்மாக்களும் முன்பு எப்படியோ அப்படியேதான் இருந்தார்கள், மாறியது ஹீட்டர்.

அதனால் நம் வீட்டிலும் மாற்ற வேண்டியதை மாற்றுவோம். கிரைண்டரைப் பின்கட்டுக்கு எடுத்துவிடு, அந்த மூலை காலியாகும். கஞ்சி இனி மேடையிலேயே, சுவர்ப் பக்கம் ஒதுங்கி ஆறட்டும். ஆறின பிறகு மாட்டு வாளிக்குப் போகட்டும், மாடு காத்திருக்கும். அடுப்படி வாசலுக்கு ஓர் அரைக்கதவு. காபி டம்ளரோடு பாப்பாவை யாரும் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, அப்பாவிடம் இதை நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டார். போட்டுப் பத்து நிமிடம் ஆன காபிகூட பாப்பாவைச் சுடும். மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள், பிடித்து இழுப்பாள்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். நாலு பேர் இருந்தீர்களே என்று கேட்டாய். நாலு பேர் இருந்ததால்தான் ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் பாப்பா இருப்பதாக நினைத்தார்கள். வார்டில் ஷிப்ட் மாறும்போது நாங்கள் ஒவ்வொரு கட்டிலாக நின்று குழந்தையை அடுத்த ஆளிடம் வாய்விட்டு ஒப்படைப்போம். அதே போல வீட்டிலும் "பாப்பா இப்ப என்கிட்ட" என்று ஒருவர் சொல்ல வேண்டும், கேட்டவர் "சரி" என்ற பிறகுதான் மற்றவர் நகர வேண்டும். வேன் வருகிற நேரத்தில் மட்டுமாவது செய்யுங்கள். முதல் ஷிப்ட் வாரங்களில் ஷூவும் பையும் யூனிஃபார்மும் முந்தின ராத்திரியே தயாராக இருக்க வேண்டும். அது உன் வேலை.

பெரியவனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நான் வந்திருந்தபோது அவன் ஷூ போட மாட்டேன் என்று அழுதான். செருப்போடுதான் ஸ்கூலுக்குப் போகிறான். கடைசியில் என் மடியில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்: "அத்தை, நான் ஷூ போடலைன்னா அம்மா பாப்பாவப் பார்த்திருப்பாங்கல்ல?" யூகேஜி படிக்கிற பிள்ளை, நீ கேட்ட கேள்விக்குத் தன்னைப் பதிலாக வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் காலுக்கு நீ உன் கையால் ஷூ மாட்டிவிட வேண்டும். மாட்டும்போது, பாப்பாவுக்கு ஆனதற்கு அவன் காரணமில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு தடவை போதாது, அவன் மறுபடி கேட்கும்போதெல்லாம் சொல்.

பாப்பா விஷயத்தில் கவனிக்க வேண்டியது: காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, பேதி, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடப்பது, டிரஸ்ஸிங்கிலிருந்து நாற்றம் வருவது. இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சின்னக் காயத்திலிருந்தும் பச்சைக் குழந்தைகளுக்கு விஷக்கிருமி பரவும். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். விரல்களைத் தனித்தனியாகக் கட்டியிருப்பது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, அதைத் தளர்த்திவிடாதீர்கள். புண் மூடிய பிறகு அரிக்கும், டாக்டர் சொல்கிற களிம்பைத் தடவி, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் திரும்பப் பல மாதம் ஆகும். அதைப் பார்த்து யாராவது "ஐயோ, பொம்பளப் பிள்ளை கையில தழும்பு" என்று ஆரம்பித்தால், கவிதா வாயைத் திறக்கும் முன் நீ பதில் சொல்லிவிடு.

வியாழக்கிழமை டிரஸ்ஸிங்குக்கு லீவு போட்டு நீயே தூக்கிக்கொண்டு போ. கிளம்புகிறதுக்கு முன்னால் டாக்டர் எழுதிய வலி மருந்தைக் கொடுத்துவிட்டால் கட்டுப் பிரிக்கும்போது இவ்வளவு அழமாட்டாள். கவிதாவையும் கூட்டிக்கொண்டு போ. காயத்தைப் பார்த்துவிட்டு, அவள் செய்தது என்ன என்று அங்கே இருக்கிற சிஸ்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள். அப்புறம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வாய் காபி கேட்டு வாங்கிக் குடி.

ஆசாரியிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக்கதவுக்கு அளவெடுக்க வருகிறார். சட்டங்களுக்கு நடுவில் பாப்பாவின் தலை நுழையாத இடைவெளி இருக்க வேண்டும், ஏறிக் கால் வைக்கக் குறுக்குச் சட்டம் கூடாது, கொக்கி பெரியவன் கைக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அவர் மறந்துவிடுவார், நீ பக்கத்தில் நின்று சொல்.

அன்புடன்,
அக்கா