சாரலில் நனையாமல் உலை வைக்க ஒரு கூரை: குற்றாலம் வந்து போனவர்களிடம் ஒரு வேண்டுகோள்

குற்றாலத்துக்கு ஒரு தடவையாவது வந்து குளித்துவிட்டுப் போன எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்தருவிப் பக்கம் பிழைக்கிறவர்கள். மெஸ், டீக்கடை, சிப்ஸ் கடை வைத்திருப்பவர்கள், சீசனுக்கு வீடு விடுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள் என்று 14 பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். இதை எழுதுகிற நான் மாமியார் காலத்திலிருந்து நடக்கிற ஒரு சின்ன மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறேன், மாடியில் இரண்டு அறையை வாடகைக்கும் விடுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி, அடுப்பு, அண்டாவோடு வேனில் வந்து இறங்குகிற குடும்பங்கள் சாலையோரத்தில் நனைந்துகொண்டு சமைக்க வேண்டாம் என்று, கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஒரு பொதுச் சமையல் கூடம் கட்டப் போகிறோம். மொத்தம் 11,50,000 ரூபாய் ஆகும் என்று கொத்தனாரும் வெல்டிங்காரரும் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குள் போட்டதும், ஊருக்குள் கேட்டு வாங்கியதும் சேர்த்து 4,35,000 கையில் இருக்கிறது. மீதி 7,15,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

ஏன் சமையல் கூடம், ஊரில் ஓட்டலே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் எங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக நுழைந்து இங்கே சாரலாக விழும்போது, விருதுநகர், மதுரை, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இருந்து நடுராத்திரியில் கிளம்பி விடியற்காலையில் வந்து நிற்கிற வேன்கள்தான் அதிகம். ஒரு வேனில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை 20 பேர் இருப்பார்கள், சீட்டுக்கு அடியில் அண்டா, கரண்டி, தேங்காய், வெங்காய மூட்டை, ஒரு கேஸ் அடுப்பு. அந்த 20 பேரும் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மெஸ் நடத்துகிற எனக்கு நன்றாகவே தெரியும். சீசன் சனி, ஞாயிறில் அறை வாடகை மற்ற நாளைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறிவிடும், நானும் ஏற்றித்தான் விடுகிறேன், ஏனென்றால் வருஷத்தில் மூன்று மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் மீதி ஒன்பது மாதத்தை ஓட்ட வேண்டும். அறை எடுக்க முடியாதவர்கள் காலையில் வந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, மறுபடியும் குளித்து, ராத்திரி செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். அந்தப் பரோட்டாவும் மிளகுக் கோழியும் அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் விருந்து. மத்தியானச் சோறு அவர்கள் கையால் ஆக்கியதுதான்.

அருவியில் குளித்தால் வருகிற பசி வேறு பசி. ஒரு மணி நேரம் தண்ணீர் முதுகில் அடித்துவிட்டு வெளியே வந்தவர்களுக்கு, சாரல் குளிரில் பல் கிடுகிடுக்கிற நேரத்தில், சுடச்சுடச் சோறும் கோழிக் குழம்பும் யாராவது எடுத்துப் போட்டால் எப்படி இருக்கும்! பள்ளிக்கூடக் காலத்தில் குற்றாலம் வந்தவர்கள் பலருக்கும் அருவியோடு சேர்ந்து அந்தச் சோற்றின் வாசனையும் ஞாபகம் இருக்கும். இப்போது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் அப்படி ஒரு வேனில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு வந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் சித்தியோ அத்தையோ சாலையோரத்தில் குத்தவைத்து வெங்காயம் உரித்தது ஞாபகம் வந்தால் மேலே படியுங்கள்.

போன வருஷம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மெஸ்ஸுக்கு எதிரே ஒரு குடும்பம் உலை வைத்திருந்தது. வெயில் அடித்துக்கொண்டே தூறுகிற நேரம் அது, உங்களுக்கே தெரியும், நம் ஊர்ச் சாரல் அப்படித்தான். அடுப்பு அணைந்துவிடாமல் இருக்க இரண்டு பெண்கள் ஒரு சேலையைப் பிடித்துக் கூரை மாதிரி நின்றார்கள். காற்று ஒரு தூக்குத் தூக்கியது, சேலை முனை தீயில் பட்டது, பதறி இழுத்ததில் பானை சாய்ந்து, கொதித்த கஞ்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பிள்ளையின் தொடையில் கொட்டிவிட்டது. நான் ஓடிப்போய் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் குழுவில் இருக்கிற வேன்கார அண்ணாச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் பறந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது, தழும்பு இருக்கிறது. அந்தத் தாய் போகும்போது என்னிடம், "எங்க தப்புதாம்மா, இந்த மழையில அடுப்பு மூட்டியிருக்கக் கூடாது" என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு அவர்களுடையது இல்லை. நம் ஊருக்கு வந்த விருந்தாளிக்கு அடுப்பு வைக்க ஒரு காய்ந்த இடம் கொடுக்காதது எங்கள் தப்பு. மறுநாள் கடை திறந்ததும் பக்கத்து டீக்கடையில் பேச ஆரம்பித்ததுதான் இந்தக் குழு.

தண்ணீர் கூடி அருவியில் தடை போடுகிற நாட்களில் இன்னும் மோசம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையன் போய்விட்டான், நாங்கள் யாரும் அதை மறக்கவில்லை. தடை போடுவது சரிதான், உயிரைவிடக் குளியல் பெரிதில்லை. ஆனால் தடை எப்போது எடுப்பார்கள் என்று தெரியாமல், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் எங்கே போவார்கள்? ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பெண்கள் கழிப்பறை தேடி ஒவ்வொரு கடை வாசலிலும் வந்து தயங்கி நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஈரத்துணி மாற்ற இடம் இல்லாமல் வேன் கதவுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டைப் பிடித்து நிற்பதும் அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சாலையோரத்தில் சமைத்த கஞ்சித் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு, கோழிக் கழிவு எல்லாம் ஓடையில் இறங்கிச் சிற்றாற்றுக்குப் போகிறது. சிற்றாறு தென்காசியைத் தாண்டி ஓடி, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியோடு சேர்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு அருவியடி கொஞ்சம் சுத்தமாகியிருக்கிறது, ஆனால் பாத்திரம் கழுவிய தண்ணீரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "இங்கே சமைக்காதே" என்று போர்டு வைத்து விரட்டினால் அடுத்த வளைவில் போய் சமைப்பார்கள். கழுவ ஒரு இடம் கொடுத்தால் கழுவிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

சரி, என்ன கட்டப் போகிறோம்? எங்கள் குழுவில் ஒருவர் தன் தென்னந்தோப்பில் சாலையை ஒட்டிய பகுதியைப் பத்து வருஷத்துக்கு வாடகை இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். வற்றாத கிணறும் அங்கேயே இருக்கிறது. அதில் 60 அடி நீளம், 24 அடி அகலத்தில் இரும்புத் தூண், தகடு போட்ட கூரை, இதற்கே 4,20,000 போய்விடும். கடப்பாக்கல் பதித்த 12 அடுப்பு மேடையும் வழுக்காத தரையும் 1,60,000. கிணற்று மோட்டார், மேல்தொட்டி, குழாய் எல்லாம் 1,10,000. பெண்களுக்கு நான்கு கழிப்பறையும் ஒரு உடை மாற்றும் அறையும், ஆண்களுக்கு இரண்டு கழிப்பறையும் 2,80,000, இதில் ஒரு பைசா குறைக்க மாட்டோம் என்று குழுவில் இருக்கிற நாங்கள் ஐந்து பெண்களும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டோம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேரே ஓடைக்குப் போகாமல், முதலில் எண்ணெய் மேலே நின்றுவிடுகிற ஒரு தொட்டி, அப்புறம் உறிஞ்சுகுழி, அதைச் சுற்றி வாழையும் கல்வாழையும், இதற்கு 90,000. கேஸ் குழாயும் குரங்குக்குக் கம்பி வலையும் இன்னொரு 90,000. வலை எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். எங்கள் ஊர்க் குரங்கு பழத்தட்டை மட்டும் பார்க்காது, கொதிக்கிற சட்டியின் மூடியையும் திறந்து பார்க்கும். பிள்ளைகள் பயந்து ஓடும்போதுதான் அடுப்பங்கரையில் விபத்து நடக்கிறது.

விறகு அடுப்பு கிடையாது. சாரலில் ஈர விறகு புகைந்து கண்ணைக் கெடுக்கும், காட்டில் கிளை ஒடிக்கவும் ஆள் போவான். சிலிண்டர் எதுவும் கூடத்துக்குள் வராது, வெளியே பூட்டிய கூண்டில் இருக்கும், குழாய் வழியாக மேடைக்கு வரும், எரித்த கேஸுக்கு மட்டும் காசு. கூடத்துக்கு வாடகை வாங்கப் போவதில்லை. பெருக்கிக் கழுவ இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, அவர்கள் சம்பளத்தை எங்கள் கடைகள் மாதாமாதம் பகிர்ந்து கொடுக்கும், அதற்கு 14 பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர ஜோதி வரை ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாகப் போகும்போதும் வரும்போதும் இங்கே இறங்கிக் குளித்துச் சமைப்பார்கள். அந்த இரண்டு மாதமும் கூடத்தில் அசைவம் இருக்காது, தனிப் பாத்திரம் வைத்திருப்போம். கூடத்தின் ஒரு ஓரத்தில் நீளமாக ஒரு திண்ணையும் வருகிறது. அது டிரைவர்களுக்கு. ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து, பகலில் ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டு, மறுபடி ராத்திரி ஓட்டுகிறார்கள். அவர்கள் கால் நீட்டிப் படுத்தால் அந்த வேனில் இருக்கிற 20 பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்கள்.

ஊருக்குள் எதிர்ப்பும் வந்தது, அதை மறைக்கவில்லை. சமைக்க இடம் கொடுத்தால் ஓட்டலில் யார் சாப்பிடுவார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கவலையும் நியாயமானதுதான், சீசன் போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் 2020, 2021 சீசன்களை நினைத்துப் பாருங்கள் என்று நான் கூட்டத்தில் கேட்டேன். நோய்க்காலத்தில் அருவியை மூடி, தெரு முழுக்க ஷட்டர் இறங்கி, மாடி அறையில் பூசணம் பிடித்தது. மறுபடி திறந்ததும் எங்கள் தெருவுக்கு முதலில் வந்து நின்றது இந்த அண்டா வேன்கள்தான். சோறு அவர்களுடையது, ஆனால் வாழை இலை நம் கடையில் வாங்கினார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், மிளகாய் பஜ்ஜி, சுக்கு காபி, மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் வாங்கினார்கள். எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் கூலி வந்தது. இதைச் சொன்னதும் கோபப்பட்டவர்களில் இரண்டு பேர் அங்கேயே பத்தாயிரம், பத்தாயிரம் எழுதினார்கள்.

வருகிறவர்களுக்கு இலை போடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இங்கே இருந்த காலத்தில் ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவர் வீட்டு விருந்தாளிகளாக வந்து தங்கிப் போனதை இன்றும் பேசுகிறோம். வேனில் வருகிறவர்களும் விருந்தாளிகள்தான்.

இப்போது உங்களிடம் கேட்பது. 500 ரூபாய் கொடுத்தாலும் சந்தோஷம், ஒரு மேடை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு குடும்பமோ பழைய மாணவர்கள் கூட்டமோ சொன்னாலும் சந்தோஷம். ஒரு மேடைக்கும் அதன் பங்குத் தரைக்கும் 13,500 ரூபாய் அளவுக்கு வருகிறது. பணம் இல்லாதவர்கள் சிமெண்ட், பழைய அண்டா, தட்டு, நல்ல நிலையில் உள்ள மின்விசிறி கொடுக்கலாம். வங்கிக் கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கிறது, இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே வராது. கணக்கு எண்ணை இந்த வேண்டுகோளோடு தனியாக இணைத்திருக்கிறோம். எங்கள் பெயரைச் சொல்லி யாரும் உண்டியல் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள், வந்தால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, வரவு செலவு மாதாமாதம் தோப்பு வாசல் பலகையில் ஒட்டப்படும். வருமான வரி விலக்குக்கான பதிவு எங்களிடம் இன்னும் இல்லை, அதை எதிர்பார்த்துக் கொடுக்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஒருவேளை கேட்ட தொகைக்கு மேல் வந்தால் அது சூரிய விளக்குக்கும் இன்னும் இரண்டு கழிப்பறைக்கும் போகும், வேறெதற்கும் போகாது.

அவசரம் ஏன் என்றால், வைகாசி கடைசியில் சாரல் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வெல்டிங் வேலையும் நடக்காது, கான்கிரீட்டும் காயாது. பங்குனியில் அஸ்திவாரம் தோண்டினால்தான் இந்த சீசனுக்குக் கூரை நிற்கும். பணம் பாதிதான் வந்தது என்றால் முதலில் கூரையும் பெண்கள் கழிப்பறையும், மீதி அடுத்த வருஷம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பக்கத்தில் இருப்பவர்கள், தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைக்காரர்கள், பங்குனி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தோப்புக்கு வாருங்கள். அன்றைக்கு மண் வெட்டி இடத்தைச் சமப்படுத்தப் போகிறோம். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் என் மெஸ்ஸிலிருந்து வரும், சொதியும் இஞ்சித் துவையலும் வைக்கிறேன். மண்வெட்டி எங்களிடம் நான்குதான் இருக்கிறது, வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள்.