லெனேஷியாவுக்கு ஒரு கம்ப்ரஸர்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் நலம். தைப்பூசக் காவடிக்கு இந்த முறை குடும்பத்தோடு வந்துவிடு.

சரி, நீ வாங்க நினைக்கும் காற்றுக் கம்ப்ரஸர் விஷயம். 50 லிட்டர் டேங்க், 2 எச்.பி. (குதிரைத்திறன்) என்று கடையில் சொன்னதை மட்டும் வைத்துப் பணம் கட்டிவிடாதே. டேங்க் காற்றைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று உண்மையில் வெளியே வருகிறது என்று கேள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உள்ளே இழுக்கும் அளவு. 200 என்று போட்டிருந்தால் வெளியே வருவது 130 பக்கம்தான் இருக்கும்.

ஆணி அடிக்க, டயருக்குக் காற்றடிக்க, தூசி ஊத அது போதும். நீ அலமாரிகளுக்கு வார்னிஷ் அடிக்கப் போகிறாயே! அதற்கான எச்.வி.எல்.பி. (நிறையக் காற்று, குறைந்த அழுத்தம்) ஸ்ப்ரே கன் பல, நிமிடத்துக்கு 300 லிட்டர் வரை கேட்கும். 50 லிட்டர் டேங்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 4 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) இறங்கினால் கிடைப்பது 200 லிட்டர். கம்ப்ரஸர் நிமிடத்துக்குத் தரும் அந்த 130-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். அப்புறம் அழுத்தம் விழுந்து, வார்னிஷ் புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். கதவின் பாதியில் நிறுத்திக் காத்திருந்தால் அங்கே கோடு விழுந்துவிடும்.

உனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் லெனேஷியா இருக்கும் ஜோஹானஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் எங்கள் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே கம்ப்ரஸர் அங்கே அந்த அளவுக்குக் குறைவான காற்றைத்தான் திரட்டும். லேபிளில் உள்ள கணக்கு உன் ஊருக்குப் போட்டதல்ல.

அதனால் 3 எச்.பி., 100 லிட்டர், பெல்ட் போட்ட எண்ணெய் வகை வாங்கு என்பேன். மெதுவாகச் சுழலும், நாள்பட உழைக்கும். எண்ணெய் இல்லாத சின்னது பெரும்பாலும் காதைப் பிளக்கும், பக்கத்து வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த 3 எச்.பி.யை வைத்தும் 300 லிட்டர் கன்னை ஓட்டாதே. குறைந்த காற்றில் வேலை செய்யும் எல்.வி.எல்.பி. கன்னாகப் பார். வார்னிஷ் மட்டும்தான் வேலை என்றால் தன் விசிறியாலேயே காற்றை ஊதும் டர்பைன் ஸ்ப்ரேயர் போதும், கம்ப்ரஸரே வேண்டாம்.

வேலை முடிந்ததும் டேங்க் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்று. இங்கே டர்பன் புழுக்கத்தில் அது நிறையவே சேரும். உங்கள் கோடை மழைக்காலத்திலும் சேரும். விட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், அது ஆபத்து. கன்னுக்கு முன்னால் ஒரு நீர்ப்பிரிப்பான் மாட்டு, இல்லையென்றால் வார்னிஷில் வெள்ளை படரும்.

நீளம் வேண்டுமானால் ஹோஸை நீட்டு, எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாதே. வயர் நீண்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். கரண்ட் போன சமயத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றும் நினைக்காதே. கிளம்பும்போது அது இழுக்கும் மின்சாரத்தைப் பல இன்வெர்ட்டர்கள் தாங்காது.

பணம் கட்டும் முன் லேபிளைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சாட்ஸ்வொர்த் நண்பன்