பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு: ஒரு மூலையை மண்ணாகவே விடுங்கள்

அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் குழுவை அமைக்கச் சொல்கிறது. வளாகத்தில் என்ன வேண்டும், எது வேண்டாம் என்று பேசி முடிவெடுக்க முடிகிறவர்கள் நீங்கள். அதனால்தான் இதைத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பல பள்ளிகளில் வளாகம் முழுக்க பேவர் பிளாக் பதிக்கிறார்கள். மழைக்குச் சேறு இல்லை, பிரேயருக்கு நிற்க வசதி. அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சுற்றுச்சுவர் வரைக்கும் கல்லைப் பதித்துவிட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குந்தி உட்கார்ந்து பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

மழை படாத தாழ்வாரத்து ஓரப் புழுதியைப் பாருங்கள். சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். விளிம்பில் ஓர் எறும்பு கால் வைத்ததும் மண் சரியும். அது மேலே ஏறப் பார்த்தால் அடியில் பதுங்கியிருக்கும் குழியானை மண்ணை வாரி எறிந்து மறுபடி சறுக்க வைக்கும். நாமெல்லாம் பார்த்ததுதான். அந்தக் குழியானை ஒரு குஞ்சுப் பருவம், பின்னால் அதுவே இறக்கை முளைத்துத் தட்டான் போலப் பறக்கும் என்பது நம்மில் பலருக்குச் சொல்லப்படவே இல்லை. நம் பிள்ளைகளுக்காவது சொல்லலாம்.

2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. ராமநாதபுரத்துப் பிள்ளை அதைப் படத்தில்தான் பார்க்க முடியும். ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்தால் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி எந்த ஊரிலும் தேடி வரும். இலையில் ஒற்றை முட்டை இடும். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே கிடக்கும். எந்தக் குருவியும் சீண்டாது. வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டை நீளும், வாடையும் அடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறுநாள் செருப்பைக்கூடப் போடாமல் அந்தச் செடிக்குத்தான் ஓடும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் பத்துக்குள் எண்ணப் பழகுகிறார்கள். எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. அப்போ சிலந்தி பூச்சி இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் முடிந்தது, அறிவியலும் தொடங்கிவிட்டது.

பூச்சி கடித்துவிடுமே என்ற பயம் நியாயமானது. மறைக்க வேண்டாம். மூலையைக் கட்டடத்திலிருந்து தள்ளி வையுங்கள், புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். கல்லைப் புரட்டுவது ஆசிரியர் மட்டும், அதுவும் கம்பால். மயிர் உள்ள கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது, குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எருக்கஞ்செடி தானாக முளைத்தால் வேலி ஓரத்தோடு விடுங்கள். அதன் இலையிலும் வரிவரியாகப் புழு வரும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர்கள் கூட நிற்க வேண்டும். களைக்கொல்லி மட்டும் அந்த மூலைப்பக்கம் வரவே கூடாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தட்டான் வாலில் நூல் கட்டுவதும், பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைப்பதும் நம் காலத்து விளையாட்டு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். தட்டானின் குஞ்சு தண்ணீரில் கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதுங்கள்: வளாகத்தில் ஒரு மூலை கல் பதிக்காமல் விடப்படும், அங்கே கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைக்கப்படும், வாரம் ஒரு பாடவேளை சின்ன வகுப்புகள் அங்கே உட்காரும். செடிக்குத் தண்ணீர் தனியாக வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.