தோட்டத்துக்கு எட்டாத மாற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவிட் தொற்றைத் தடுக்க மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலையை வீட்டிலிருந்தபடி வெட்ட வழியில்லை. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, நெகிழ்வான வேலை நேரமோ இடமோ கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிப்பவருக்கு முதலாளி 60 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அது அலுவலக ஊழியருக்குத்தான் உதவும். வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45-ஆகக் குறைந்ததே தோட்டத் தொழிலாளி உணரக்கூடிய மாற்றம்.

படிப்பின் கதை வேறு. பள்ளிகள் மூடி இணையத்தில் பாடம் நடந்தபோது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில் தோட்ட வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில், காலைப் பாடத்தை இரவில் பார்த்தவர்கள் எங்கள் பிள்ளைகள். பள்ளி திறந்து ஆண்டுகள் ஆகியும் வீட்டுப்பாடம் இன்னமும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது; இந்தப் பழக்கம் இனிப் போகாது என்றே தோன்றுகிறது.

எனவே தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளை, இணைய வசதியோடு, மாலை வேளைகளிலும் மாணவர்களுக்குத் திறந்துவிடக் கல்வி அமைச்சு ஆவன செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப்புறப் பெற்றோர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.