பத்து ரூபாய் பாட்டிலில் ஒரு படம் வையுங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதாரத் துறைக்கும், டாஸ்மாக் நிர்வாகத்துக்கும்

வணக்கம்.

பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளியில் 26 வருடம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணி குடிக்கும் மது வயிற்றுப் பிள்ளையைப் பாதிப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை இரண்டாம் வாய்ப்பாட்டைத் தட்டுத்தடுமாறி ஒப்பிப்பான். செவ்வாய்க்கிழமை அதைக் காதாலேயே கேட்காதவன் மாதிரி நிற்பான். வயதுக்கேற்ற வளர்த்தி கிடையாது. யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடுவான். ஒரே தப்புக்கு மூன்று முறை திட்டு வாங்குவான், நாலாவது முறையும் அதையே செய்வான். திமிர் என்று நினைத்து அவனை முட்டி போட வைத்திருக்கிறேன். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அவன் அம்மா கொழுந்து பறிப்பவர். ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இவன் வயித்துல இருக்கும்போது குளிருக்கும் இடுப்பு வலிக்கும் ராத்திரி கொஞ்சம் பிராந்தி குடிப்பேன் டீச்சர். தூங்கினாத்தானே காலையில வேலைக்குப் போக முடியும்." மாதாமாதம் செக்கப்புக்குப் போயிருக்கிறார். ஊசி போட்டார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். குடிப்பீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவனுக்கு இருந்தது கருவிலேயே மதுவால் வந்த பாதிப்புதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எந்த டாக்டரும் அவனை அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை. என் மனக்குறையே அதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1968-இலேயே பிரான்சில் பால் லெமுவான் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் இதற்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அதை முறிக்கிற அளவுக்குப் பிள்ளையின் ஈரல் வளர்ந்திருக்காது. சிலருக்குக் கண்கள் சிறுத்து, மேலுதடு மெலிந்து, மூக்குக்குக் கீழே உள்ள பள்ளம் தட்டையாக இருக்கும். ஆனால் கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பெரும்பாலானவர்களுக்கு முகத்தில் எதுவுமே தெரியாது. அடி விழுந்திருப்பது மூளையில். நினைவு, கணக்கு, காசு, நேரம், 'இதைச் செய்தால் இது நடக்கும்' என்கிற யோசனை எல்லாமே தடுமாறும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட முடியாது, அது ஆயுளுக்கும் கூடவே வரும். சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, அடிக்காமல் வளர்த்தால் அந்தப் பிள்ளை எவ்வளவோ மேலே வரும்.

தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்காக ஒயினையே கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதைத் தடை செய்த பிறகும், உலகத்திலேயே இந்தப் பாதிப்பு மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்றாக அந்தப் பகுதி இருக்கிறது. அதைப் படித்தபோது நம் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள்தான் என் கண்முன் வந்தன. இங்கே யாரும் பிராந்தியைக் கூலியாகக் கொடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் இடுப்பொடிக்கும் வேலையும் குளிரும் இங்கேயும் இருக்கின்றன. தோட்டத்துப் பெண்களை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஊட்டியிலும் குன்னூரிலும் வசதியான வீடுகளில் "ஒயின்தானே" என்று கர்ப்பிணிக்கு ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. ஒயினோ பீரோ, இவ்வளவு வரை பயமில்லை என்று எந்த அளவையும் மருத்துவம் சொல்லவில்லை.

செக்கப்பில் இதைக் கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "குடிக்கிறியா?" என்று அதட்டினால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "குளிருக்கு, வலிக்கு என்ன எடுத்துக்கிறீங்க?" என்று நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் உண்மை வரும். ஏற்கெனவே குடித்திருந்தாலும், இன்றைக்கு நிறுத்தினால் இன்றிலிருந்து பிள்ளைக்கு நல்லது என்று சொல்லுங்கள். புருஷனையும் மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்புறம், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் பிள்ளைகளிடம் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக பாட்டில். காட்டில் வீசும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கக் கூடாது என்று 2022 முதல் நம் மாவட்டத்தில் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். அந்தப் பையனுக்கு இப்போது 24 வயது. காலி பாட்டில் பொறுக்கித்தான் பிழைக்கிறான். எத்தனை பாட்டிலுக்கு எவ்வளவு வரும் என்று தெரியாது, கையில் வைப்பதை வாங்கிக்கொண்டு போகிறான். அதே பாட்டிலில் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று எழுதியிருக்கிறது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரான்சில் 2007 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இல்லாமல் மது பாட்டில் விற்க முடியாது. இங்கே விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கர்ப்பிணியின் படம், குறுக்கே ஒரு கோடு போடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புரியும்.

லைன் வீடுகளுக்கு நர்சம்மாக்கள் போகும்போது கூப்பிட்டால் நானும் வருகிறேன். அங்கே பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
பந்தலூர்