வைஃபையைச் சரிசெய்து கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர் லினக்ஸ் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை மாலை, என் பழைய லேப்டாப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு இரண்டு மணி நேரம் கணக்குப் பாடம் எடுத்தேன். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை, குரல் விட்டுவிட்டு வரவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். நேரில் சொல்லியிருக்கலாம், ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று ஆசை.

அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்ட நாளிலிருந்தே தொல்லைதான். ஆன் செய்ததும் வைஃபை சேர்ந்துவிடும், ஆனால் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகும். கூடத்தில் ரவுட்டரை ஒட்டி உட்கார்ந்தால் ஓடும், அறைக்குள் போனால் போச்சு. அதே அறையில் போனில் எல்லாம் நன்றாகவே வந்தது.

முதல் நன்றி, பேருந்து நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸிலும் மின்டிலும், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் வைஃபையின் மின்சேமிப்பை இயக்கியே வைத்திருக்கும் என்று சொல்லி, அதற்கான அமைப்புக் கோப்பைத் திறந்து காட்டினார். அதில் 3 (இயக்கு) என்றிருந்ததை 2 (நிறுத்து) ஆக்கினார். கட்டளை கொடுத்து நிறுத்தினால் மறுபடி ஆன் செய்யும்போது பழையபடி ஆகிவிடும், கோப்பில் மாற்றினால்தான் நிலைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். பிங் நேரம், அதாவது ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம், தாறுமாறாக ஏறி இறங்குவது அன்றே நின்றது. வேகம் மட்டும் வரவில்லை.

அப்புறம் வந்தவர் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி. அவர் எதிலும் கை வைக்காமல் முதலில் அளந்து பார்த்தார். ரவுட்டரிலிருந்து நான்கு மீட்டரில் என் லேப்டாப்புக்குக் கிடைத்த சிக்னல் மைனஸ் 83 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு; மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு). அதே மேசையில் அவருடையதற்கு மைனஸ் 51. பத்து டெசிபெல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? "அக்கா, ஆன்டெனாவே இல்லாத மாதிரி இருக்கு" என்றார்.

அப்படியேதான் இருந்தது. வைஃபை சிப்பில் ஆன்டெனா மாட்ட இரண்டு இடங்கள் உண்டு. லேப்டாப் செய்தவர்கள் ஒன்றில் மட்டும் மாட்டிவிட்டு, எந்த இடம் என்பதைச் சிப்பில் தவறாகப் பதித்திருந்தார்கள். சிப்பை இயக்கும் நிரலான லினக்ஸ் டிரைவர் அந்தப் பதிவை நம்பி, எதுவும் மாட்டாத இடத்திலேயே சிக்னலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கென்றே டிரைவரில் ஆன்ட்_செல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தம்பி அதற்கு 2 என்று கொடுத்ததும் மைனஸ் 54 வந்தது! டிரைவர் அமைப்புகளை எழுதி வைக்கும் மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரே ஒரு வரியாக அதை எழுதி வைத்து, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். டீகூடக் குடிக்கவில்லை.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். இந்த வகைச் சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவர்களைப் பல ஆண்டுகள் பராமரித்த லாரி ஃபிங்கர், 2024 ஜூனில் காலமாகிவிட்டார். முகம் தெரியாத எனக்கும் அவர் உழைப்பு வந்து சேர்ந்திருக்கிறது. தம்பி அவரைப் பற்றிச் சொன்னபோது மனம் கனத்துவிட்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இதே தொல்லை இருந்தால், ஞாயிறு காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். சிக்னலை அளக்க இப்போது எனக்கும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்